கதவுக்குப் பின்னால் குரல் கேட்கிறது, ஆள் தெரியவில்லை: அலைநீளத்தை அளந்து பார்ப்பது பற்றி

பதிவு 1 | அலைமேடு

"ஒலி வளைந்து வரும், ஒளி நேராகப் போகும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த வரி எவ்வளவு தூரம் சரி என்று பார்க்க, இரண்டின் அலைநீளத்தையும் கைக்கு அகப்பட்ட பொருட்களைக் கொண்டு அளக்கும் முயற்சி இது. மூன்று இடங்களில் தெளிவு வேண்டும்.

ஒன்று: திறந்த கதவு 90 செ.மீ. அகலம்; அடுத்த அறையில் பேசுபவர் கண்ணில் படாதபடி பக்கவாட்டில் நிற்கிறேன். பேச்சொலி ஏறக்குறைய 200 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரை என்று கொண்டால் அலைநீளம் 1.7 மீட்டரிலிருந்து 9 செ.மீ. வரை வருகிறது. அப்படியானால் 4000 ஹெர்ட்ஸ் பகுதி வளையக்கூடாது அல்லவா? ஆனால் பேச்சு புரிகிறதே!

இரண்டு: 3 செ.மீ. உள்விட்டமுள்ள குழாயை வாளித் தண்ணீரில் நிறுத்தி, வாய்க்கு மேலே தொலைபேசியில் 512 ஹெர்ட்ஸ் ஒலியை வைத்து, குழாயை மெல்ல உயர்த்தினால் 16.1 செ.மீ. காற்றுத்தம்பத்தில் முதல் முழக்கம் (ஒலி திடீரெனப் பலமாவது) கேட்கிறது. கால் அலைநீளம் என்பதால் நான்கால் பெருக்கி, அதிர்வெண்ணால் பெருக்கினால் நொடிக்கு 330 மீட்டர். பாடநூலில் 331. அறை வெப்பநிலை 30 டிகிரி. இது சரிதானே?

மூன்று: 650 நானோமீட்டர் என்று அச்சிட்ட சிவப்பு லேசர், படலம் உரித்த குறுந்தகடு, 20 செ.மீ. தள்ளி வெள்ளைத்தாள். நடுப்புள்ளியிலிருந்து முதல் புள்ளி 8.9 செ.மீ. தடங்களின் இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர். 1.6 × 8.9 ÷ 20 என்று போட்டால் 712 நானோமீட்டர் வருகிறது. லேசர் பொய் சொல்கிறதா, தகடு பொய் சொல்கிறதா?

பதிவு 2 | பிசிறு

மூணாவது கேள்விக்கு ஆள் வருவாங்க. இரண்டாவதுலதான் எனக்கு வயித்தெரிச்சல்.

அந்த 330-ஐப் பார்த்து நிம்மதி ஆகிடாதீங்க. 331 என்பது 0 டிகிரி செல்சியஸ்ல இருக்கிற வேகம். ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.6 மீட்டர் கூடும். 30 டிகிரியில 349 வரணும். உங்களுக்கு 19 மீட்டர் குறைஞ்சிருக்கு, அதாவது ஐந்தரை சதவீதம். தப்பா வந்த விடை, தப்பான வெப்பநிலைக்கான மதிப்போட போய் ஒட்டிக்கிச்சு. ஆய்வுக்கூடத்துல இந்த ஒரு ஒட்டலை நம்பி எத்தனையோ பதிவேட்டுல "விடை: 330, சரி" என்று கையெழுத்து விழுந்திருக்கும். 712 வந்தப்போ சந்தேகப்பட்டீங்க இல்லையா? 330-ஐயும் அதே கண்ணோட பார்த்திருக்கணும்.

பதிவு 3 | மூங்கில்துளை

குறைந்துபோன 19 மீட்டர் எங்கே என்றால், குழாயின் வாய்க்கு வெளியே.

மூடிய முனையில், அதாவது தண்ணீர் மட்டத்தில், காற்று அசைய முடியாது. அங்கே கணு. திறந்த முனையில் எதிர்க்கணு, அதாவது காற்று மிக அதிகமாக அசையும் இடம், இருக்க வேண்டும். ஆனால் குழாயின் விளிம்பு வந்ததும் அலைக்கு அது தெரிந்து சட்டென்று நிற்பதில்லை. வாய்க்கு வெளியே உள்ள காற்றும் கொஞ்சம் சேர்ந்து அசைகிறது. அதனால் எதிர்க்கணு விளிம்புக்குச் சற்று வெளியே விழுகிறது. இதைத்தான் முனைத் திருத்தம் என்கிறோம். ஓரத்தில் தட்டை விளிம்பு இல்லாத சாதாரணக் குழாய்க்கு அது ஆரத்தில் சுமார் 0.6 மடங்கு, அதாவது விட்டத்தில் 0.3 மடங்கு. 3 செ.மீ. விட்டத்துக்கு 0.9 செ.மீ. 16.1-உடன் 0.9 கூட்டினால் 17.0. நான்கால் பெருக்கினால் 68 செ.மீ., 512-ஆல் பெருக்கினால் 348.

ஆனால் 0.3 என்ற எண்ணை நம்பிக் கூட்டுவதைவிட அதைக் கணக்கிலிருந்தே விரட்டுவது நல்லது. இரண்டாம் முழக்கத்தையும் எடுங்கள். முதலாவது கால் அலைநீளம், இரண்டாவது முக்கால். இரண்டிலும் அதே திருத்தம்தான் ஒளிந்திருக்கிறது, கழித்தால் போய்விடும். மிச்சம் சரியாக அரை அலைநீளம். 512-க்கு இரண்டாம் முழக்கம் 50 செ.மீ. பக்கம் இருக்கும், வாளி ஆழமும் குழாய் நீளமும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். குழாய் 40 செ.மீ. தான் என்றால் 850 ஹெர்ட்ஸ் வையுங்கள்: முதலாவது 9.4, இரண்டாவது 30 பக்கம்.

செய்யும்போது கவனிக்க:

தொலைபேசியின் ஒலிபெருக்கித் துளையைக் குழாய் வாயில் ஒட்ட வைக்காதீர்கள். வாய் பாதி அடைபட்டால் முனைத் திருத்தம் கூடிவிடும். 2 செ.மீ. உயரம், சற்று பக்கவாட்டில், அது போதும். ஒலியளவை முழுதாக ஏற்றினால் அந்தச் சின்ன ஒலிபெருக்கி இரட்டை, மும்மடங்கு அதிர்வெண்களையும் சேர்த்துக் கக்கும். 1536 ஹெர்ட்ஸுக்கான முழக்கத்தை 512-இன் முழக்கம் என்று எடுத்துவிட வாய்ப்பு உண்டு. காதுக்கு எட்டுகிற மிகக் குறைந்த அளவில் வையுங்கள். முழக்கத்தின் உச்சி கூர்மையாக இருக்காது, அரைச் சென்டிமீட்டருக்குப் பரவலாக இருக்கும். உயர்த்தும்போது ஒரு முறை, தாழ்த்தும்போது ஒரு முறை குறித்து நடுவைக் கொள்ளுங்கள். உச்சியைத் தேடுவதைவிட, இரு பக்கமும் ஒலி சட்டென்று விழும் இடங்களைப் பிடித்து நடுப்புள்ளி எடுப்பது எளிது.

பதிவு 4 | கீற்று

712-க்கு லேசரும் காரணமில்லை, தகடும் காரணமில்லை. சூத்திரத்தில் இருப்பது சைன். நீங்கள் போட்டது டேன்ஜென்ட்.

கீற்றணிக்கு (சம இடைவெளியில் நெருக்கமாகக் கோடுகள் உள்ள பரப்பு, இங்கே குறுந்தகடு): தட இடைவெளி × சைன் கோணம் = அலைநீளம் (முதல் வரிசைக்கு). 8.9-ஐ 20-ஆல் வகுத்தால் வருவது 0.445, அது கோணத்தின் டேன்ஜென்ட். கோணம் 24 டிகிரி. அதன் சைன் 0.4066. 1.6 மைக்ரோமீட்டரால் பெருக்குங்கள்: 650 நானோமீட்டர். இரட்டைப் பிளவுச் சோதனையில் கோணம் ஒரு டிகிரிக்கும் கீழே என்பதால் சைனும் டேன்ஜென்டும் ஒன்றுதான் என்று பழகிவிடுகிறோம். குறுந்தகட்டில் அந்தப் பழக்கம் ஒன்பது சதவீதம் தண்டம் வாங்கும்.

கோணம் போடப் பிடிக்காவிட்டால் நேராகவே வகுக்கலாம்: 8.9-ஐ, தகட்டிலிருந்து அந்தப் புள்ளி வரையுள்ள சாய்வுத் தூரத்தால் வகுங்கள். 20-உம் 8.9-உம் செங்கோணப் பக்கங்கள், சாய்வு 21.9. வேலை முடிந்தது.

மற்றபடி சில குறிப்புகள். லேசர் கற்றை தகட்டுக்குச் செங்குத்தாக விழுகிறதா என்பதற்கு இரண்டு சோதனை: தகட்டின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் மங்கல் புள்ளி லேசரின் வாயிலேயே விழ வேண்டும்; இடப்புள்ளியும் வலப்புள்ளியும் நடுவிலிருந்து சம தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் 8.5, மறுபக்கம் 9.4 என்றால் தகடு சாய்ந்திருக்கிறது. சராசரி எடுத்துச் சமாளிப்பதைவிடத் தகட்டைத் திருப்பிச் சமமாக்குங்கள்.

புள்ளி வட்டமாக வராமல் பிறைபோல் இழுத்துக்கொண்டு வந்தால் பயப்பட வேண்டாம். தடங்கள் வளைவானவை. 3 மி.மீ. அகலக் கற்றை உள்வட்டத்தில் பட்டால் அதன் ஒரு ஓரத்தில் உள்ள தடமும் மறு ஓரத்தில் உள்ள தடமும் வேறுவேறு திசையில் நிற்கும். தகட்டின் வெளி ஓரத்தில் அடியுங்கள். கெட்டித்தாளில் ஊசியால் 1 மி.மீ. துளை போட்டு அதன் வழியே கற்றையை விடுங்கள். பிறை சுருங்கிவிடும்.

படலத்தை உரிக்க: எழுத்துள்ள பக்கத்தில் கத்தியால் கீறி, ஒட்டும் நாடாவை அழுத்தி, ஒரே இழுப்பு. பதிவு செய்யும் வகைத் தகட்டில் தொடர்ச்சியான பள்ளம் இருப்பதால் புள்ளி பளிச்சென்று வரும், ஆனால் சாயப்பூச்சு இருக்கும்; அதை ஆல்கஹாலால் துடைத்து எடுங்கள். டிவிடி இரண்டு 0.6 மி.மீ. தகடுகளை ஒட்டியது. அதில் நாடா வேலைக்காகாது; ஓரத்தில் பிளேடு கொடுத்துப் பிளக்க வேண்டும்.

கண்ணுக்கு: 1 மில்லிவாட்டுக்கு உட்பட்ட லேசர் போதும். கற்றையைக் கண் மட்டத்துக்குக் கீழே ஓட விடுங்கள். பளபளப்பான தகட்டில் பட்டுத் தெறிக்கும் கற்றையும் நேர்க்கற்றையும் கண்ணுக்கு ஒன்றுதான். மலிவான பச்சை லேசரைத் தவிர்த்துவிடுங்கள். அதன் உள்ளே 1064 நானோமீட்டர் அகச்சிவப்பைப் பாதியாக்கித்தான் 532 எடுக்கிறார்கள். வடிகட்டி இல்லாத பேனாவில் அந்த அகச்சிவப்பும் வெளியே கசியும். தெரியாத ஒளிக்கு இமை மூடாது.

பதிவு 5 | நானோநொடி

கதவுக்கு வருவோம். திறப்பின் அகலத்தை அலைநீளத்தோடு ஒப்பிட்டால் விரிவு கிடைக்கும்: முதல் இருட்டுக்கோணத்தின் (நேர்த்திசையிலிருந்து விலகிப் போகப்போக அலை முதன்முதலில் அற்றுப்போகும் கோணம்) சைன் = அலைநீளம் ÷ அகலம். 90 செ.மீ. கதவு, வேகம் 349 என்று வைத்தால்:

4000 ஹெர்ட்ஸ்: 8.7 செ.மீ., கோணம் ஐந்தரை டிகிரி.
1000 ஹெர்ட்ஸ்: 35 செ.மீ., 23 டிகிரி.
388 ஹெர்ட்ஸுக்குக் கீழே: அலைநீளம் கதவைவிடப் பெரிது, இருட்டுக்கோணமே கிடையாது. ஒலி அரைவட்டமாகப் பரவும்.
550 நானோமீட்டர் பச்சை ஒளி: கோணம் 0.000035 டிகிரி. 10 மீட்டர் போனாலும் கதவின் நிழலோரம் ஓரிரு மில்லிமீட்டர்தான் கலங்கும்.

ஆக உங்கள் சந்தேகம் நியாயமானதே. 4000 ஹெர்ட்ஸ் பகுதி விளிம்பு விளைவால் (திறப்பின் விளிம்பில் அலை வளைவதால்) மட்டும் பக்கவாட்டுக்கு வந்திருக்க முடியாது.

1000 ஹெர்ட்ஸ் ஒலி இந்தக் கதவில் எவ்வளவு விரிகிறதோ அவ்வளவு பச்சை ஒளி விரிய வேண்டுமானால் கதவு 1.4 மைக்ரோமீட்டர் அகலம் இருக்க வேண்டும். குறுந்தகட்டுத் தடத்தின் இடைவெளி 1.6. ஒளிக்கு ஏற்ற கதவு வரிசையை நீங்கள் ஏற்கனவே கையில் வைத்திருக்கிறீர்கள்.

பதிவு 6 | பிசிறு

நானோநொடி சொன்ன ஐந்தரை டிகிரி சரி. அப்புறம் பேச்சு எப்படிப் புரியுது? சுவர்!

கேள்வியிலேயே ஒரு ஓட்டை இருக்கு. கதவுக்குப் பின்னால ஒளியும்தான் வருது. அறை கும்மிருட்டா இல்லையே, அடுத்த அறை விளக்கு சுவர்ல பட்டு இங்கேயும் வெளிச்சம் தருது. வராதது ஆளோட உருவம் மட்டும்தான். காரணம் சுவரோட சொரசொரப்பு. பூச்சுல மேடுபள்ளம் அரை மில்லிமீட்டர்னு வைங்க. ஒளிக்கு அது அலைநீளத்தைப் போல ஆயிரம் மடங்கு, அதனால நாலா பக்கமும் சிதறிடுது. 4000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அதே அரை மில்லிமீட்டர் அலைநீளத்துல நூத்துல ஒரு பங்குகூட இல்லை. ஒளிக்கு உப்புத்தாளா இருக்கிற சுவர், ஒலிக்குத் தேய்ச்ச கண்ணாடி. 'ஸ', 'ச' மாதிரி உரசல் ஒலிகள் சுவர்ல பிரதிபலிச்சுத்தான் உங்க காதுக்கு வருது. வளைஞ்சு வர்றது அடித்தொண்டைப் பகுதி.

இதைப் பிரிச்சுப் பார்க்கணும்னா அறைக்குள்ள முடியாது. திறந்த வெளியில ஒரு பெரிய பலகைக்குப் பின்னால நின்னு கேளுங்க. சுவர் இல்லாததால மேல்சுருதி காணாமப் போய் பேச்சு குழறலாக் கேட்கும்.

இன்னொண்ணு, தனி அதிர்வெண் ஒலியை வச்சு அறைக்குள்ள சோதிக்காதீங்க. நிலை அலை (போற அலையும் திரும்பி வர்ற அலையும் கூடி ஒரே இடத்துல நிக்கிறது) உண்டாகி, 1000 ஹெர்ட்ஸுக்குத் தலையை 9 செ.மீ. நகர்த்தினாலே உச்சத்துல இருந்து பள்ளத்துக்குப் போயிடும். நீங்க அளக்கிறது கதவையா தலையையா என்றே தெரியாது. இரைச்சலை ஒரு அலைவரிசைப் பட்டைக்கு வடிகட்டி (உதாரணத்துக்கு 3500 முதல் 4500 வரை) அதை ஓட விடுங்க.

பதிவு 7 | அலைமேடு

சுவர் கண்ணாடி என்ற விளக்கத்தில் முடிச்சு அவிழ்ந்தது.

திருத்திய அளவுகள்: குழாய், முதல் முழக்கம் 16.1, இரண்டாவது 50.4. வித்தியாசம் 34.3 செ.மீ. இரட்டிப்பாக்கி 512-ஆல் பெருக்கினால் 351.2. உலர்ந்த காற்றுக்கு 30 டிகிரியில் 349. குழாய்க்குள் தண்ணீருக்கு மேலே உள்ள காற்று ஈரமானது. நீராவி காற்றைவிட இலேசு என்பதால் வேகம் கூடும். முழுக்க ஈரம் நிறைந்தால் 30 டிகிரியில் கூடுதல் 2 மீட்டர் அளவு. அப்படியானால் இந்த 351 ஈரப்பதத்தையே காட்டிவிட்டது என்று கொள்ளலாமா?

காற்றழுத்தத்துக்கும் ஒரு திருத்தம் தேவையா?

மேலும், ப்ளூ-ரே தகட்டில் அதே லேசரை அடித்தால் பக்கப் புள்ளியே வரவில்லை. தடம் 0.32 மைக்ரோமீட்டர். சாய்த்தும் வரவில்லை. தகட்டின் பிளாஸ்டிக்குக்குள் அலைநீளம் குறையும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

பதிவு 8 | மூங்கில்துளை

ஈரப்பதத்தைப் பிடித்துவிட்டோம் என்று இப்போதே குதிக்க வேண்டாம். ஒவ்வொரு முழக்கத்தின் நடுவையும் 2 மி.மீ. துல்லியத்துக்கு மேல் காதால் பிடிக்க முடியாது. இரண்டும் சேர்ந்து வித்தியாசத்தில் 3 மி.மீ. பிழை. 343 மி.மீ.-இல் 3 என்றால் ஒரு சதவீதத்துக்குச் சற்று குறைவு, அதாவது நொடிக்கு 3 மீட்டர் கூடவோ குறையவோ. 349-உம் 351-உம் இரண்டுமே அந்த எல்லைக்குள் அடங்கிவிடுகின்றன. அறை வெப்பமானி ஒரு டிகிரி தவறினாலே 0.6 மீட்டர் போய்விடும். நம்பிக்கையோடு சொல்ல வேண்டுமானால் காதை நம்பாமல் ஒலிவாங்கியைக் குழாய் வாயருகே வைத்து அளவைப் படியுங்கள், 3 மி.மீ. என்பது 1 மி.மீ. ஆகும்.

உங்கள் இரண்டு எண்களிலிருந்து முனைத் திருத்தத்தையும் எடுக்கலாம்: இரண்டாவதிலிருந்து முதலாவதின் மும்மடங்கைக் கழித்துப் பாதியாக்குங்கள். 50.4 கழித்தல் 48.3, பாதி 1.05 செ.மீ. எதிர்பார்த்தது 0.9. முதல் அளவில் உள்ள 1 மி.மீ. பிழை இங்கே ஒன்றரை மடங்காகி வரும் என்பதால் இதைக் குறை சொல்ல முடியாது. தொலைபேசி வாய்க்கு மிக அருகே இருந்தாலும் இப்படித்தான் கூடும்.

குழாயே இல்லாமல் சரிபார்க்க இன்னொரு வழி: இரண்டு தொலைபேசிகளில் ஒலியால் ஓடி நிற்கும் நிறுத்துகடிகாரம் (ஃபைஃபாக்ஸ் செயலியில் இருக்கிறது). 5 மீட்டர் இடைவெளியில் வையுங்கள். முதலாவதின் பக்கத்தில் ஒரு கைதட்டல், பிறகு இரண்டாவதின் பக்கத்தில் ஒரு கைதட்டல். முதலாவது முன்னால் ஓடத் தொடங்கிப் பின்னால் நிற்கும். இரண்டு நேரங்களின் வித்தியாசம் 10 மீட்டர் கடக்க ஒலி எடுத்த நேரம். 30 டிகிரியில் 28.7 மில்லிநொடி. இரண்டு கடிகாரங்களையும் ஒத்திசைக்கத் தேவையில்லை என்பதுதான் இதன் அழகு. தூண்டல் அளவைத் (எவ்வளவு சத்தத்துக்குக் கடிகாரம் ஓட வேண்டும் என்பதை) தாழ்வாக வைத்தால் காலடிச் சத்தத்துக்கே ஓடத் தொடங்கிவிடும்; மிக உயரமாக வைத்தால் தூரத்துக் கைதட்டலின் தொடக்கத்தை விட்டுவிட்டு எதிரொலி சேர்ந்த பிறகு நிற்கும். கைதட்டலுக்குப் பதில் இரண்டு மரக்கட்டைகளை அடித்தால் தொடக்கம் கூர்மையாக இருக்கும்.

பதிவு 9 | நானோநொடி

காற்றழுத்தத்துக்குத் திருத்தம் வேண்டாம். அழுத்தம் கூடினால் அடர்த்தியும் அதே விகிதத்தில் கூடுகிறது; வேகத்தில் வருவது இரண்டின் விகிதம்தான். வெப்பநிலை மாறாதவரை வேகம் மாறாது. ஒலியைப் பலமாக வைத்தாலும் மாறாது.

இங்கே நியூட்டன் சறுக்கிய இடம் சுவையானது. அழுத்தத்தை அடர்த்தியால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தார். 0 டிகிரிக்கு அப்படிப் போட்டால் 280 மீட்டர்தான் வரும். ஒலியில் காற்றின் இறுக்கங்களும் தளர்ச்சிகளும் மாறி மாறி வரும்போது வெப்பநிலை மாறாது என்று அவர் கொண்டதுதான் கோளாறு. உண்மையில் இறுகும் இடம் சூடாகிறது, தளரும் இடம் குளிர்கிறது. பக்கத்து இறுக்கத்துக்கும் தளர்ச்சிக்கும் இடையே அரை அலைநீளத் தூரம். அரைச் சுற்று நேரத்துக்குள் அந்தத் தூரத்தைக் கடந்து வெப்பம் சமமாகிவிட முடியாது. லாப்லாஸ் இதைத் திருத்தி, அழுத்தத்தை 1.4-ஆல் பெருக்கச் சொன்னார். 1.4-இன் வர்க்கமூலம் 1.183, 280 × 1.183 = 331.

பலரும் தலைகீழாகச் சொல்வார்கள்: "ஒலி வேகமாக மாறுவதால் வெப்பம் கடத்தப்பட நேரமில்லை, ஆகவே அதிர்வெண் கூடக்கூட லாப்லாஸ் இன்னும் சரி" என்று. அப்படி இல்லை. அதிர்வெண் கூடினால் நேரம் குறைகிறது என்பது சரி, ஆனால் வெப்பம் கடக்க வேண்டிய தூரமும் குறைகிறது, அதுவும் இருபடியாகக் கணக்கில் சேர்கிறது. மிகக் குறைந்த அதிர்வெண்ணில்தான் லாப்லாஸின் கருத்து மிகத் துல்லியம்.

பதிவு 10 | கீற்று

ப்ளூ-ரே: செங்குத்தாக அடித்தால் சைன் = 0.65 ÷ 0.32 = 2.03. சைன் 1-ஐத் தாண்டாது, ஆகவே புள்ளி இல்லை. சாய்த்து அடிக்கும்போது படுகோணத்தின் சைனும் வெளிக்கோணத்தின் சைனும் கூடி 2.03 வர வேண்டும். இரண்டும் சேர்ந்தாலே அதிகபட்சம் 2. எப்படிச் சாய்த்தாலும் 650-க்கு வாய்ப்பே இல்லை, மயிரிழையில் தவறுகிறது. 532 பச்சைக்குக் கூட்டுத்தொகை 1.66; படுகோணம் 42 டிகிரியைத் தாண்டினால் விழுந்த பக்கத்திலேயே திரும்பி வரும் ஒரு புள்ளி கிடைக்கும். 405 ஊதாவுக்கு 16 டிகிரி போதும்.

பிளாஸ்டிக் பற்றிய கேள்வி கூர்மையானது, ஆனால் திருத்தம் தேவையில்லை. உள்ளே அலைநீளம் ஒளிவிலகல் எண்ணால் வகுபட்டுச் சுருங்குகிறது, கோணமும் சுருங்குகிறது. தகட்டை விட்டு வெளியேறும்போது ஒளிவிலகல் அதே எண்ணால் சைனைப் பெருக்கிவிடுகிறது. பரப்புகள் இணையாக இருக்கும்வரை இரண்டும் அடித்துக்கொண்டு போய்விடும். வெளியே அளக்கும் கோணத்துக்கு வெளியே உள்ள அலைநீளம்தான் கணக்கு.

ஊடகம் மாறினால் அலைநீளமும் வேகமும் மாறும், அதிர்வெண் மாறாது. எல்லையில் இந்தப் பக்கம் நொடிக்கு இத்தனை முகடு வந்தால் அந்தப் பக்கமும் அத்தனைதான் கிளம்ப முடியும். 650 நானோமீட்டர் சிவப்பு தண்ணீருக்குள் 489 ஆகிறது. அதற்காக நீலமாகத் தெரிவதில்லை. தண்ணீருக்குள் ஒளி மெதுவாகப் போகிறது என்று 1850-இல் ஃபூக்கோ அளந்தார். ஒலியோ தண்ணீருக்குள் நாலு மடங்குக்கு மேல் வேகமெடுக்கும். 1826-இல் ஜெனீவா ஏரியில் கொலாடோனும் ஸ்டூர்மும் எடுத்த அளவு 1435 மீட்டர். அதனால் காற்றிலிருந்து தண்ணீருக்குப் போகும்போது ஒளி செங்குத்தை நோக்கி வளையும், ஒலி விலகி வளையும். காற்றிலிருந்து வரும் ஒலிக்கு மாறுநிலைக் கோணம் 13 டிகிரி பக்கம். அதற்கு மேல் சாய்ந்து வந்தால் முழுக்கத் திரும்பிவிடும். செங்குத்தாக வந்தாலும் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே போகும். முழுகினால் வெளிச்சத்தம் அடங்கிப்போவது இதனால்தான்.

பதிவு 11 | நானோநொடி

ஒலியும் ஒளியும் ஒரே மேசையில் இருப்பதால் ஒன்று சொல்லலாம்: குறுந்தகட்டுக்குப் பதில் ஒலியையே கீற்றணியாக வைக்கலாம். தண்ணீரில் மீயொலி (காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண் ஒலி) ஓடும்போது இறுக்கத்தில் ஒளிவிலகல் எண் சற்றுக் கூடும், தளர்ச்சியில் குறையும். குறுக்கே போகும் ஒளிக்கு அது தடம் போட்ட தகடுதான். 1932-இல் டெபையும் சியர்ஸும், தனியாக லூக்காவும் பிகாரும் இதைக் கண்டார்கள். பக்கப் புள்ளிகளின் பிரகாசம் ஏன் ஒரு வரிசையில் ஏறி அடுத்ததில் இறங்குகிறது என்பதை 1930-களின் நடுவில் விளக்கியது இராமனும் நாகேந்திர நாத்தும்.

ஈரப்பதமூட்டியில் வரும் 1.7 மெகாஹெர்ட்ஸ் அதிர்வுத் தட்டு இதற்குப் போதும். 25 டிகிரித் தண்ணீரில் வேகம் 1497, அலைநீளம் 0.88 மி.மீ. 650 லேசருக்குக் கோணம் 0.00074 ரேடியன். 5 மீட்டர் தள்ளிப் புள்ளிக்குப் புள்ளி 3.7 மி.மீ. இங்கே சைன், டேன்ஜென்ட் சண்டை இல்லை.

பதிவு 12 | பிசிறு

கேட்க நல்லா இருக்கு, அப்படியே செஞ்சா ஒண்ணும் தெரியாது. பேனா லேசரோட புள்ளி 5 மீட்டர்ல அதுவே 5 மி.மீ. விரிஞ்சு நிக்கும், 3.7 மி.மீ. இடைவெளி அதுக்குள்ளேயே முழுகிடும். லேசருக்கு முன்னால நீளக் குவியத்தூர வில்லை வச்சு, புள்ளி திரையில கூர்மையா விழுற மாதிரி சரி பண்ணணும். ஆனா தண்ணீரைக் கடக்கும்போது கற்றை 3 மி.மீ.யாவது அகலமா இருக்கணும், குறைஞ்சது மூணு அலைநீளத்தை மூடணும். ஒரு அலைநீளத்தைவிட மெல்லிசான கற்றைக்குக் கீற்றணி தெரியாது, இங்கேயும் அங்கேயும் ஆடும் அவ்வளவுதான். தூரம் அளக்கிற 40 கிலோஹெர்ட்ஸ் உணரியை வச்சு முயற்சி பண்ணாதீங்க: தண்ணீர்ல அதோட அலைநீளம் 37 மி.மீ.

தண்ணீரைக் கொதிக்க வச்சு ஆற வைங்க. கரைஞ்சிருக்கிற காற்று குமிழாகி ஒலியைக் குடிச்சிடும். தட்டு அடியில, லேசர் தட்டுக்கு 3 செ.மீ. மேல குறுக்கா. பக்கச் சுவர் தட்டையான கண்ணாடியா இருக்கணும், உருண்டைக் குவளை வில்லை மாதிரி வேலை செஞ்சு குழப்பும். தண்ணீர் இல்லாம தட்டை ஓட்டினா நொடியில செத்துடும். ஓடும்போது நேர் மேலே விரல் வைக்காதீங்க, சுடும்.

பதிவு 13 | அலைமேடு

கேள்வி: மீயொலி தண்ணீரின் மேல்மட்டத்தில் பட்டுத் திரும்பி நிலை அலை ஆகிவிட்டால், குழாயில் வந்ததைப் போல அரை அலைநீளக் கணக்குப் போட வேண்டுமா?

பதிவு 14 | கீற்று

திரையில் விழும் புள்ளிகளுக்கு வேண்டாம். நிலை அலையிலும் எந்த ஒரு கணத்தை எடுத்தாலும் இறுக்கத்திலிருந்து அடுத்த இறுக்கம் முழு அலைநீளம். ஒளி அதைக் கடக்கும் நேரத்தில் ஒலி அசையவே இல்லை எனலாம். ஆகவே ஓடும் அலையானாலும் நிலை அலையானாலும் புள்ளி இடைவெளி அதே 3.7 மி.மீ.

அரை அலைநீளம் வருவது வேறு சோதனையில்: கற்றையை விரித்துத் தொட்டி முழுதும் பாய்ச்சி, அதன் நிழலைத் திரையில் பார்த்தால் வரிகள் தெரியும். கண் பல சுற்றுகளின் சராசரியைப் பார்க்கிறது. இறுக்கமும் தளர்ச்சியும் அரைச் சுற்றுக்கு ஒருமுறை இடம் மாற்றிக்கொள்வதால் வரிக்கு வரி 0.44 மி.மீ. தான் இருக்கும். அதுவும் கற்றை விரிந்து போவதால் திரையில் பெரிதாகித் தெரியும், அந்த உருப்பெருக்கத்தைத் தொட்டிக்குள் ஓர் அளவுகோலை நிறுத்தி அதன் நிழலை அளந்து கழிக்க வேண்டும்.

புள்ளிகளை அளக்கும்போது நடுவிலிருந்து ஒரு பக்கம் எடுக்காமல், இடப்பக்க இரண்டாவதிலிருந்து வலப்பக்க இரண்டாவது வரை எடுத்து நான்கால் வகுங்கள், 14.8 மி.மீ. வந்தால் வேகம் 1490-ஐ ஒட்டி வரும். தட்டில் எழுதியுள்ள 1.7 என்பது தோராய எண். அலைவுகாட்டி இருந்தால் உண்மையான அதிர்வெண்ணைப் பாருங்கள், இல்லாவிட்டால் அந்த 1490-இன் கடைசி இரண்டு இலக்கங்களை எழுதாமல் விடுங்கள்.